தெரியுது, அப்படியே பிடி

மே 4, ஞாயிறு

கதிரேசன் அண்ணன் டல்லாஸிலிருந்து ஒரு இணைப்பு அனுப்பியிருக்கிறான். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது டிவியில் வந்த 'தூரக் கோள்' தொடரை யாரோ ஒரு புண்ணியவான் பழைய கேசட்டிலிருந்து எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டாராம். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டான். டல்லாஸில் அவன், மதுரையில் கோமதி அக்கா, கோவில்பட்டியில் நான். மூன்றே பேர்.

இனி ஞாயிறு காலை எட்டரைக்கு மூவரும் வீடியோ காலில் வந்து சேர்ந்து பார்க்க வேண்டுமாம். முதல் பாகம், நடுவில் ஒன்று, பிறகு கடைசிப் பாகம். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு, அவனுக்குத் தோதுப்படும். இங்கே எட்டரை என்பது அப்பாவுக்கு உடம்பு துடைத்து, இட்லியை மசித்து ஊட்டுகிற நேரம். இதை அவனிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். இன்று சொல்லவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஜூன் மாதம் வருகிறவனை இப்போது எதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டும்? பொங்கலன்று அவனே வாய்விட்டுச் சொன்னான். ஜூன் முதல் வாரம் வந்து இரண்டு மாதம் அப்பாவைப் பார்த்துக்கொள்வானாம். அதற்குப் பிறகு அக்கா வீட்டில் கொண்டுபோய் வைப்பதாம். நீ உன் வழியைப் பார் என்றான். என் வழி எது என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 5, திங்கள்

அப்பாவுக்கு இடுப்புக்கு மேலே தோல் சிவந்திருக்கிறது. இனி இரவில் கூடுதலாக ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பவுடர் தீர்ந்துவிட்டது.

மே 8, வியாழன்

நூலகத்துக்குப் போனேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான்.

நூலகர் ஞானதுரை சார் இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறுகிறார். மறுநாள் சாமான்களை ஏற்றிக்கொண்டு, திருச்செந்தூர்ப் பக்கம் நாசரேத்தில் இருக்கும் சொந்த வீட்டுக்குப் போகிறார். மனைவி இறந்து எட்டு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. போன மாதம் ஒருநாள், புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டே, நீங்களும் என்னோடு வருகிறீர்களா, பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று கேட்டார். தேதி முத்திரையைத் தலைகீழாகக் குத்தியிருந்தார். அண்ணன் வரட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு நாற்பத்தைந்து வயது. அண்ணனிடம் அனுமதி கேட்கிற வயதில்லை. அப்பாவைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவையும் நாசரேத்துக்கே கூட்டி வரலாம் என்று சார் சொல்லத்தான் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். பக்கவாதம் வந்து மூன்று வருடம். அதற்கு முன்னால் அம்மாவின் சீக்கு ஆறு வருடம். புது வீட்டிலும் போய் அதே கட்டில், அதே டெட்டால் வாசனை, அதே பிளாஸ்டிக் விரிப்பு என்றால் எனக்கு எதற்கு ஒரு கல்யாணம்? இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதியதை அடிக்கப் போவதில்லை.

மே 11, ஞாயிறு

முதல் பாகம் பார்த்தோம். டியூஷன் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் படம், போனில் அண்ணனும் அக்காவும். அப்பாவையும் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தேன்.

விண்கலத்தின் சுவர் முழுக்க சிகரெட் பெட்டி வெள்ளித்தாள். தளபதி செழியனின் தலையில் இருந்தது சத்தியமாகப் பிளாஸ்டிக் வாளி. தூரத்துக் கோள் என்று காட்டியது திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு. செம்மணலின் ஓரத்தில் ஒரு பனைமரம் வேண்டாத விருந்தாளி மாதிரி எட்டிப் பார்த்தது. மூன்று பேரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன். கலத்தில் நான்கு பேர்: தளபதி, டாக்டர், இன்ஜினியர், எல்லோருக்கும் இளையவள் வெயினி. வெயினியாக நடித்த பெண் யாரோ, கண் மட்டும் அத்தனை பெரிது.

எனக்கு இதெல்லாம் புதிதாக இருந்தது. ஏனென்றால் இந்தத் தொடரை நான் பார்த்ததை விடக் கேட்டதே அதிகம். ஒளிபரப்பு வருகிற கொடைக்கானல் பக்கம் ஆன்டெனாவை எத்தனை இறுக்கிக் கட்டினாலும் எங்கள் ஊர்க் காற்றுக்குத் திரும்பிவிடும். படத்தில் புள்ளி புள்ளியாக விழும். யாராவது மொட்டை மாடியில் நின்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணன் ஆம்பளைப் பிள்ளை, அறிவியல் பாடத்துக்கு உதவும் என்று அவன் பார்த்தாக வேண்டும். அக்கா பெரிய மனுஷியாகிவிட்டாள், பொழுது சாய்ந்த பிறகு அவளை மாடிக்கு அனுப்ப மாட்டார்கள். அம்மா அடுப்படியில் இருப்பாள். மிச்சம் இருந்தது ஒன்பது வயதில் நான். அப்பா ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பார்: "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்... தெரியுது, அப்படியே பிடி." கீழே எல்லோரும் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரிப்பேன்.

அப்பாவுக்கு இப்போது எஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல்தான். பசித்தாலும் "பிடி", வலித்தாலும் "பிடி". எந்தப் பிடி எதற்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மே 14, புதன்

தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பிவிட்டு அக்காவுக்கு போன் செய்தேன். ஆகஸ்டில் அப்பாவை அங்கே கொண்டுவருவது பற்றிப் பேச்செடுத்தேன். லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகிறது என்றாள். பையனுக்குப் பரீட்சை என்றாள். அப்பாவின் 'பிடி' தனக்குப் புரியாது என்றாள். எல்லாவற்றுக்கும் நான் பதில் வைத்திருந்தேன். கடைசியில் அவளுடைய பெரிய ஆயுதம் வெளியே வந்தது.

"ஏட்டி, பொண்ணு குடுத்த வீட்டுல அப்பா வந்து கெடந்தா அவருக்குத்தான மரியாதக் கொறச்சல்?"

நானும் பெண்தான். என்னை யாருக்கும் கொடுக்காததால் இங்கே அவருக்கு ஒரு குறைச்சலும் இல்லை போலிருக்கிறது. இதைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டு இப்போது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வீரம் எல்லாம் நோட்டோடு சரி.

மே 18, ஞாயிறு

நடுப்பாகம். டாக்டருக்கு ஏதோ விஷக்காய்ச்சல், வெயினி ராப்பகலாகப் பார்த்துக்கொள்கிறாள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் இது நல்ல பாகமாம். எனக்குக் கொட்டாவி வந்தது.

அண்ணன் முகநூலில் 'தூரக் கோள்' பற்றி நீளமாக எழுதியிருக்கிறான். அதில் நானும் வருகிறேன்: "எங்கள் கடைக்குட்டி வல்லிக்கு மொட்டை மாடியில் நின்று ஆன்டெனா பிடிப்பதென்றால் கொள்ளை ஆசை. கீழே கூப்பிட்டாலும் வரமாட்டாள்." கீழே அவன் நண்பர்கள் ஆளாளுக்கு இதயம் போட்டிருக்கிறார்கள். ஒருத்தி, சோ ஸ்வீட் என்று எழுதியிருக்கிறாள்.

கொள்ளை ஆசையாம். கூப்பிட்டார்களாம்.

கடைசிப் பாகம் பற்றியும் எழுதியிருக்கிறான், முடிவைச் சொல்லாமல். அந்தப் பாகம் வந்த அன்றைக்குத் தூறல். மாடியில் நனைந்துகொண்டே பிடித்தேன். எல்லாம் முடிந்து இறங்கி வந்தபோது அண்ணன்தான் எனக்குக் கதை சொன்னான். கலத்துக்கு நான்கு பேர் பாரம் தாங்காதாம். "வெயினியே பிரியப்பட்டு இருந்துக்கிட்டா. நீங்க போங்க, நான் இருக்கேன்னுட்டா. அப்புறம் கப்பல் திரும்பி வந்து அவளக் கூட்டிட்டுப் போயிருச்சு" என்றான். அந்த வெயினியை நினைத்து நான் எத்தனையோ நாள் பெருமைப்பட்டிருக்கிறேன். பி.எட். சேர இடம் கிடைத்தும் அம்மாவுக்காகப் போகாமல் நின்றேனே, அப்போதும் அவளைத்தான் நினைத்துக்கொண்டேன். எனக்கும் கப்பல் வரும் என்றிருந்தேன்.

டிக்கெட் போட்டாச்சா என்று குழுவில் கேட்டேன். கைகூப்புகிற பொம்மையை அனுப்பினான். இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

மே 22, வியாழன்

ஞானதுரை சார் மாம்பழத்தோடு வந்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அப்பாவை மாற்ற நான் திணறிக்கொண்டிருந்த நேரம். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரே தூக்கில் உட்கார வைத்தார். அப்பா அவர் கையை விடவில்லை. "பிடி, பிடி" என்றார். இது நன்றி சொல்கிற பிடி. சாருக்குச் சொன்னேன்.

காபி குடித்து முடிக்கும்வரை மழை, மின்வெட்டு என்று என்னென்னவோ பேசினார். செருப்பை மாட்டிய பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"நான் அவசரப்படுத்தல டீச்சர். ஒண்ணாந்தேதி காலையில வண்டி வருது. வாரியளா இல்லையான்னு மட்டும் அதுக்குள்ள சொல்லிருங்க. இல்லைன்னாலும் வருத்தமில்ல. ஆனா காத்திருங்கன்னு மட்டும் சொல்லிராதிய. காத்திருந்து எனக்குச் சரிப்படல."

மாம்பழம் நல்ல இனிப்பு. அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார்.

மே 25, ஞாயிறு

கடைசிப் பாகம் பார்த்தாகிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

கலம் பழுதாகித் தேரிக்காட்டில் கிடக்கிறது. மூன்று பேரைத்தான் தூக்கும் என்று இன்ஜினியர் சொல்கிறார். அவரும் தளபதியும் டாக்டரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள். வெயினி அந்த அறையிலேயே இல்லை. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு தளபதி வெளியே வந்து அவள் தோளைத் தட்டி, பூமியிலிருந்து சமிக்ஞை கிடைக்கவில்லை, அந்த மேட்டில் போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொள் என்கிறார். அவள் துள்ளிக்கொண்டு ஓடுகிறாள். மணல்மேட்டில் நின்று இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடிக்கிறாள். காதில் தளபதியின் குரல் கேட்கிறது:

"இன்னும் சற்று வலப்பக்கம்... இப்போது தெளிவாகத் தெரிகிறது. அப்படியே பிடி, வெயினி."

என் பக்கத்தில் அப்பா சத்தமாக "பிடி, பிடி" என்றார்.

கலம் கிளம்புகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள். கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவர்களுக்குப் படம் தெரியாமல் போய்விடுமே என்பது போலப் பிடித்தபடியே நிற்கிறாள். கலம் ஒரு புள்ளியாகிறது. அவ்வளவுதான். எழுத்து ஓடுகிறது. திரும்பி வரவே இல்லை.

எழுத்து முழுவதும் ஓடி முடியும்வரை பார்த்தேன். அதற்குப் பிறகாவது வருமோ என்று.

"அண்ணே, நீ எனக்குச் சொன்ன முடிவு இது இல்லையே."

"நான் என்ன சொன்னேன்?" என்றான். சொன்னேன். "எனக்கு ஞாபகமே இல்ல வல்லி. முப்பத்தாறு வருஷம் ஆச்சு."

அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது.

"தொப்பலா நனைஞ்சு வந்து நிக்க. அப்புறம் என்னாச்சு, அப்புறம் என்னாச்சுன்னு கேக்க. உங்கிட்ட எப்படிட்டி அதச் சொல்ல?"

அப்படியானால் அன்றைக்கே மூன்று பேருக்கும் புரிந்திருக்கிறது. நான் இறங்கி வந்தபோது டிவியை அணைத்துவிட்டிருந்தார்கள். அண்ணன் தன் தட்டிலிருந்த வாழைக்காய் பஜ்ஜியை எனக்குத் தள்ளினான். அக்கா தன்னுடையதையும் வைத்தாள். அப்பா தன் துண்டால் என் தலையைத் துவட்டினார். என்னை வீராங்கனை என்று நினைத்துத்தான் இத்தனை உபசாரமும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

ஜூனில் வருகிறானா இல்லையா என்று நேராகவே கேட்டேன். ஆபீசில் ஆள் குறைக்கிறார்கள், இப்போது லீவு கேட்டால் ஆபத்து, தீபாவளிக்குப் பார்க்கலாம் என்றான். அதற்கு மேல் ஒன்று சொன்னான்:

"நீ இருக்கையில அப்பாவுக்கு என்ன கொறச்சல்? உன்ன மாதிரி பிரியமா யாரால பாக்க முடியும்? இப்ப மாதிரியே பாத்துக்கோ வல்லி."

அப்பாவுக்குப் பசி. காலை இட்லி ஆறி விறைத்துவிட்டது. மறுபடி சூடாக்கினேன்.

மே 26, திங்கள்

டியூஷனுக்கு லீவு சொல்லிவிட்டேன். தலைவலி.

மே 28, புதன்

அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டேன். பாதிக் கன்னத்தில் நிறுத்திக் கேட்டேன். அன்றைக்கு நீங்கள்தானே மேலே பார்த்துக் குரல் கொடுத்தீர்கள், அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே எப்படிக் கொடுத்தீர்கள் என்று. ஒருதடவை கீழே கூப்பிட்டிருக்கலாமே, கடைசி ஐந்து நிமிஷம் புள்ளி விழுந்தால்தான் என்ன என்று கேட்டேன். நல்ல கண்ணில் தண்ணீர் நின்றது. அதைச் சோப்பு என்று நான் வைத்துக்கொண்டேன்.

அவர் கெட்ட அப்பா இல்லை. சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர்தான். ஆனால் வீட்டில் எதையாவது பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டபோதெல்லாம் அவர் கண் என் பக்கம்தான் திரும்பியது. கடைசியில் பிடித்துக்கொள்ள வேண்டிய பொருளாக அவரே ஆகிவிட்டார்.

சாயங்காலம் வேன் சொன்னேன். சனிக்கிழமை காலை, மதுரைக்கு. அக்காவுக்கு போன் செய்து, அப்பாவைப் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும், வழியில் உன் வீட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறோம் என்றேன். சமைத்து வைக்கிறேன் என்றாள்.

மே 30, வெள்ளி

அப்பாவின் வேட்டி, துண்டு எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டு மடித்தேன். டியூஷன் பிள்ளைகளை அடுத்த தெரு சுப்புலட்சுமி டீச்சரிடம் சேர்த்துவிட்டேன். நூலகத்துக்குப் போய்க் கடைசிப் புத்தகத்தையும் கொடுத்தேன். வருகிறேன் என்று சொன்னேன். சார் எழுந்து நின்றுவிட்டார், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

மே 31, சனி

லிஃப்ட் நன்றாகவே ஓடியது.

அக்கா வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். அத்தான் ஆபீசில், பையன் எங்கோ வகுப்புக்குப் போயிருந்தான். டிரைவர் நாற்காலி, காற்று மெத்தை, இரண்டு பைகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து வாசலறையில் வைத்தார். ஒரு நாள் டாக்டருக்கு எதற்கடி இத்தனை சாமான் என்று அக்கா கேட்டாள். அப்பாவோடு எங்கே போனாலும் இத்தனையும் வரும், உனக்குத் தெரியாது என்றேன். உண்மைதானே.

அப்பாவுக்குக் குழைத்து ஊட்டினேன். வாய் துடைத்தேன். மருந்துப் பையைத் தொலைக்காட்சி மேஜை மேல் வைத்தேன். எந்த மாத்திரை எப்போது என்று ஒவ்வொரு அட்டையிலும் பெரிய எழுத்தில் ஏற்கெனவே எழுதி ஒட்டியிருந்தேன். அக்கா அதைக் கவனிக்கவில்லை, அவளுக்கு முதுகுப் பக்கம் அது.

பிறகு அவளைக் கூப்பிட்டேன். அப்பா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிகிறார், பின்னால் நின்று தோளைத் தாங்கிக்கொள் என்றேன். அவள் பயந்து பயந்துதான் தொட்டாள். மூன்று வருடத்தில் அவரை அவள் தொட்டது எத்தனை தடவை இருக்கும்?

"இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். ஆங், இப்ப சரியா இருக்கு. அப்படியே பிடிக்கா. மருந்துப் பை வண்டியில கெடக்கு, எடுத்துட்டு வாரேன்."

"சீக்கிரம் வாட்டி, கை வலிக்கும்" என்றாள்.

அப்பா மேஜையைப் பார்த்தார். மருந்துப் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 'பிடி' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ. அவர் வாயைத் திறக்கவில்லை. என் முகத்திலிருந்து கண்ணை எடுத்துச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அந்தக் கடைசிப் பாகத்தை இரண்டு தடவை பார்த்தவர்.

திருமங்கலம் தாண்டும்வரை போன் அடித்துக்கொண்டே இருந்தது. டிரைவர், எடுங்கம்மா என்றார். எடுத்தேன். அப்பாவைத் திரும்பக் கூட்டிப்போக வருவேன், ஆனால் நாளாகும் என்றேன். அக்கா ஏசினாள், பிறகு அழுதாள். பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "பிடி." தண்ணீர் கேட்கிற பிடி அது. அவளுக்குத் தெரியாதே என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வைத்துவிட்டாள். குறுஞ்செய்தி அனுப்பினேன்: தண்ணீர் கொடு.

ஜூன் 1, ஞாயிறு

நாசரேத். ஓட்டு வீடு. பின்னால் கிணறும் ஒரு முருங்கையும் இருக்கின்றன. காலை எட்டரைக்குச் சாமான் வண்டியில், கையில் வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கை தானாக எதையோ தேடிக்கொண்டிருந்தது.

அண்ணன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான்.

சாமான்களை இறக்கி முடித்துவிட்டு சார் கேட்டார், வீட்டில் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று. நல்ல மனிதர். கஷ்டப்படுத்த மனம் வரவில்லை.

"அக்காவே பிரியப்பட்டு வச்சுக்கிட்டா" என்றேன்.